கமாண்டோ கத்தியின் காலத்தைக் கண்டறிவது: பெயரைக் கடைசியாகப் படியுங்கள்

தேசிய சேவை முடித்தவர்களுக்குச் சிறகு முளைத்த குத்துவாள் சின்னம் நன்றாகத் தெரியும். சிங்கப்பூர்க் கமாண்டோ படையின் அடையாளம் அது. அந்தப் பழக்கத்தில்தான் நம்மில் பலர் இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் கமாண்டோ குத்துவாளான ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தியைத் தேடத் தொடங்குகிறார்கள். தேடினால் கிடைக்கிறது, தாராளமாகவே கிடைக்கிறது. இணையச் சந்தையில் விற்பவர் எல்லாரும் "இரண்டாம் உலகப்போர், அசல்" என்றே எழுதுகிறார்கள். ஆதாரம் கேட்டால் அலகில் உள்ள, தயாரித்த நிறுவனமான வில்கின்சனின் பெயரைப் பெரிதாக்கிப் படம் அனுப்புகிறார்கள்.

அந்தப் பெயர்தான் கத்தியில் போலி செய்வதற்கு மிகச் சுலபமான இடம். ஆகவே பார்க்கும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் அலகுக்கும் பிடிக்கும் நடுவில் உள்ள குறுக்குத் தகடு, அடுத்து அலகின் அடிப்பகுதி, அப்புறம் பிடி, பிடியின் முனையில் உள்ள குமிழ், உறை. எழுத்து கடைசியில்தான். மற்ற ஐந்தும் ஒத்துப்போனால் மட்டுமே எழுத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஷாங்காய் நகராட்சிக் காவல்துறையில் பணியாற்றிய வில்லியம் ஃபேர்பேர்ன், எரிக் சைக்ஸ் இருவரும் 1940 நவம்பரில் வில்கின்சன் சோர்ட் நிறுவனத்தாரோடு உட்கார்ந்து வடிவமைத்த கத்தி இது. 1941 ஜனவரியில் முதல் தொகுதி வெளிவந்தது. முதல், இரண்டாம், மூன்றாம் பேட்டர்ன் (வடிவ வகை) என்று நாம் இன்று சொல்வது சேகரிப்பாளர்களின் வழக்கு. 1941இல் வந்தது முதல் பேட்டர்ன். 1942இல் இரண்டாவது நன்றாகப் புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1943இன் பிற்பகுதியிலிருந்து மூன்றாவது. போர்க்காலத் தொழிற்சாலை கையிருப்பில் இருந்த பாகங்களைத் தூக்கிப் போடாது, தீரும்வரை பயன்படுத்தும். அதனால் இரண்டு பேட்டர்னுக்கும் நடுவில் நிற்கும் கத்திகள் உண்டு. அவற்றை வைத்து ஏமாற்றுபவர்களும் உண்டு.

கையில் என்ன வைத்திருக்க வேண்டும்? பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற கைலென்ஸ், கைப்பேசி டார்ச், அளக்க ஒரு காலிப்பர், சிறிய காந்தம், நைட்ரைல் கையுறை. வியர்வை உப்பு படிந்த விரல் ரேகை ஒரே இரவில் எஃகில் துருப்பிடித்து நிற்கும், அதிலும் நம் ஊர்க் காற்றில். பித்தளைப் பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். பளபளப்பு ஏற்றியதும் அந்தக் கத்தியின் காலத்தைச் சொல்லும் சாட்சிகளில் பாதி துணியோடு போய்விடும்.

குறுக்குத் தகட்டில் தொடங்குவோம். முதல் பேட்டர்னில் அது எஸ் எழுத்துப்போல் வளைந்திருக்கும். ஒரு நுனி அலகு பக்கம் சாயும், மறு நுனி பிடி பக்கம் சாயும். அகலம் ஏறத்தாழ 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர் அளவு. இரண்டாம் பேட்டர்னிலிருந்து வளைவு போய்விடுகிறது. தட்டையான நீள்வட்டத் தகடு, ஏறத்தாழ 2 அங்குலம். தகட்டை வெட்டி வளைப்பதைவிட வெட்டியதோடு விடுவது வேகமான வேலை. ஆயிரக்கணக்கில் கேட்டபோது வளைவுதான் முதலில் விடைபெற்றது.

இங்கே ஒரு தந்திரம் நடக்கும். பிற்காலக் கத்தியின் நேர்த்தகட்டைக் கழற்றிவிட்டு, புதிதாகச் செய்த எஸ் தகட்டை ஏற்றிவிடுவார்கள். டார்ச் ஒளியைத் தகட்டின் மேல் படுக்கையாக, ஏறத்தாழ இணையாக விழும்படி பிடியுங்கள். அலகு நுழையும் துளையின் ஓரத்தைப் பாருங்கள். பழைய தகட்டில் அழுக்கும் பழைய எண்ணெயும் காய்ந்து அந்த இடுக்கை அடைத்திருக்கும். மாற்றியதில் இடுக்கு சுத்தமாக இருக்கும், அல்லது கறுப்புச் சாயம் பூசி அழுக்குபோல் காட்டியிருப்பார்கள். சாயத்தைப் பற்குச்சி முனையால் தொட்டால் தூளாகாமல் தோலாக உரியும்.

அடுத்து, அலகின் அடிப்பகுதி. முதல் பேட்டர்னில், அலகு குறுக்குத் தகட்டைச் சந்திக்கும் இடத்தில், கூர் தீட்டாமல் செவ்வகமாக விட்ட தட்டைக் கட்டம் ஒன்று இருக்கும். இருபுறமும் அமிலத்தால் அரித்த எழுத்துக்கென்றே விட்ட இடம் அது. ஒரு பக்கம் நிறுவனத்தின் பெயர், மறுபக்கம் எஃப்-எஸ் என்ற எழுத்துகளோடு கத்தியின் பெயர். இரண்டாம் பேட்டர்னில் அந்தக் கட்டம் இல்லை. அலகின் நடுமுகடு நேரே தகடுவரை ஓடி வந்து முட்டும். நேர்த்தகடும் தட்டைக் கட்டமும் சேர்ந்து வந்தால் அது இடைக்காலக் கத்தியாக இருக்கலாம். அப்படி அசலே உண்டு என்பதால் உடனே தள்ளிவிடாதீர்கள். ஆனால் அதன் மற்ற பாகங்களை இரண்டு மடங்கு கண்டிப்போடு பாருங்கள்.

நடுமுகட்டையும் ஒருமுறை நீளவாக்கில் பாருங்கள். போர்க்கால அலகுகளைச் சக்கரத்தில் கையால் தீட்டினார்கள். அதனால் முகடு நூல் பிடித்ததுபோல் இருக்காது, எங்காவது ஒரு மயிரிழை ஒதுங்கியிருக்கும். நுனியோ மெலிந்து ஊசியாக முடியும். மலிவான நகல்களில் முகடு எந்திர நேர்த்தியோடு இருக்கும், நுனி தடித்திருக்கும். "ஸ்டெயின்லெஸ்" என்று பொறித்திருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், அது போருக்குப் பிந்தையது.

இப்போது பிடி. இந்தக் கத்தியில் மிக அதிகம் பேசுவது பிடிதான், பொய் சொல்லவும் அதற்குத்தான் கஷ்டம்.

முதல், இரண்டாம் பேட்டர்ன்களின் பிடி கடைசல் எந்திரத்தில் கடைந்த பித்தளை. நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் உடல், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய சொரசொரப்பு. லூப் வழியே பார்த்தால் சின்னச் சின்ன வைரக் கட்டங்கள் தெரியும். வெட்டி எடுத்த சொரசொரப்பு என்பதால் ஒவ்வொரு கட்டத்தின் உச்சியும் கூர்மையாக நிற்கும், பள்ளங்களின் அடி சுத்தமாக இருக்கும். எண்பது ஆண்டு கை பட்டுத் தேய்ந்திருந்தால் உள்ளங்கை படும் நடுப்பகுதியில்தான் உச்சிகள் மழுங்கியிருக்கும். தகட்டை ஒட்டிய இடத்திலும் குமிழை ஒட்டிய இடத்திலும் கூர்மை மிச்சம் இருக்கும். இந்த வேறுபாடு முக்கியம். பிடி முழுக்க ஒரே அளவு மழுங்கல் என்றால் அது தேய்மானம் அல்ல, வார்ப்பில் பிறந்தது.

நகல்களில் பெரும்பாலானவை அசல் பிடியை அச்செடுத்து வார்த்தவை. அவற்றில் மூன்று அடையாளம் தென்படும். கட்டங்களின் உச்சி உருண்டையாக இருக்கும். பள்ளங்களில் ஊசி குத்தியதுபோல் காற்றுக்குழிகள் இருக்கும். எங்காவது ஒரு பக்கத்தில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு நீளவாக்கில் ஓடும். அரம் போட்டு அந்தக் கோட்டை மறைத்திருந்தாலும், அந்த ஒரு வரிசைக் கட்டங்கள் மட்டும் பக்கத்து வரிசையோடு ஒட்டாமல் நிற்கும். பிடியை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே டார்ச்சை அசைக்காமல் பிடித்தால், ஒளி அந்த வரிசையில் வந்ததும் தடுமாறுவது கண்ணுக்குத் தெரியும்.

பூச்சும் காலம் சொல்லும். முதல் பேட்டர்னில் நிக்கல் முலாம் பூசிய பளபளப்புப் பிடி, தீட்டி மெருகேற்றிய அலகு. இரவு நேரத் தாக்குதலுக்குப் பளபளப்பு உதவாது. ஆகவே இரண்டாம் பேட்டர்ன் காலத்தில் பிடியும் அலகும் கறுப்புக்கு மாறுகின்றன. நிக்கல் பிடியோடு இரண்டாம் பேட்டர்ன் கிடைத்தால் அது அந்த வரிசையில் முன்னது என்று பொதுவாகக் கொள்ளலாம்.

மூன்றாம் பேட்டர்னில் எல்லாம் மாறுகிறது. வெடிமருந்துத் தோட்டாக்களுக்குப் பித்தளை தேவைப்பட்டது. பிடியைக் கடைந்து கட்டம் வெட்ட ஆள்நேரமும் அதிகம். அதனால் துத்தநாகக் கலவையில் வார்த்த, வளையம் வளையமாக வரிகள் ஓடும் பிடி வந்தது, கறுப்புப் பூச்சோடு. குமிழுக்குச் சற்றுக் கீழே 1 முதல் 4 வரை ஏதாவது ஓர் எண் புடைத்திருப்பதைப் பார்க்கலாம். அது அச்சின் எண். ஆண்டும் அல்ல, படைப்பிரிவும் அல்ல. "நான்காம் கமாண்டோ பிரிவின் கத்தி" என்று அந்த 4ஐக் காட்டி விலை ஏற்றுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பித்தளையா துத்தநாகமா என்பதைக் காந்தம் சொல்லாது, இரண்டிலும் ஒட்டாது. போதாக்குறைக்கு உள்ளே ஓடும் அலகின் எஃகு வால் பிடியின் வழியே காந்தத்தை லேசாக இழுக்கும், அதைப் பார்த்து "இரும்புப் பிடி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கறுப்பு உதிர்ந்த மேட்டில் மஞ்சள் தெரிகிறதா, சாம்பல் தெரிகிறதா என்று பாருங்கள். சுரண்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். கத்தியைக் குறுக்குத் தகட்டின் அருகே விரல்மேல் நிறுத்தினாலும் ஓரளவு புரியும். பித்தளைப் பிடியில் கனம் கையின் பக்கம் தங்கும், வடிவமைத்தவர்கள் விரும்பியதும் அதுதான். துத்தநாகக் கலவை பித்தளையைவிட இலேசு, சமநிலை அலகின் பக்கம் நகரும். காந்தத்தை உண்மையில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் குறுக்குத் தகடு. அது பொதுவாக எஃகு, காந்தம் சட்டென்று பிடிக்க வேண்டும்.

குமிழைப் பாருங்கள். அலகின் வால் பிடிக்குள் முழுநீளம் ஓடி, முனையில் குமிழைத் தாங்கி, நுனியைத் தட்டி விரித்திருப்பார்கள். இந்த இடம் கலையாமல் இருந்தால் கத்தி பிறந்தபடியே இருக்கிறது என்று நம்பலாம். இடுக்கி பிடித்த பல் தடம், தட்டிய நுனியில் புதுப் பளபளப்பு, பிடி தகட்டின் மேல் லேசாகச் சுழல்வது, இவற்றில் எதைக் கண்டாலும் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல பித்தளைப் பிடியை எடுத்து, உடைந்த அலகைத் தூக்கிப் போட்டு, போருக்குப் பிந்தைய அலகை மாட்டிய கத்திகள் சந்தையில் நிறைய உண்டு. ஒவ்வொரு பாகமும் அசல்தான், கத்தி மட்டும் அசல் அல்ல. விலையில் இதற்கும் முழு அசலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தகட்டில் உள்ள முத்திரைகளில் அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமையைக் குறிக்கும். அதோடு பி2 போன்ற பரிசோதகர் குறிகளும் வரும். இவை எதுவும் இல்லாத அசல்களும் நிறைய இருப்பதால், குறி இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். இங்கிலாந்து என்று ஆங்கிலத்தில் பொறித்த தகடு சிலரைக் குழப்பும். அமெரிக்காவுக்குள் போகும் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டத்தால் வந்தது அது. போர்க்கால இரண்டாம் பேட்டர்னிலும் காணப்படுகிறது, பிற்கால வணிகக் கத்திகளிலும் காணப்படுகிறது. அதை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது. ஷெஃபீல்டைச் சேர்ந்த வில்லியம் ராட்ஜர்ஸ் பெயரும் "ஐ கட் மை வே" என்ற வாசகமும் இருந்தால் போருக்குப் பிந்தைய வணிகத் தயாரிப்பு என்று கொள்ளுங்கள். அவை நேர்மையான கத்திகள். அந்த விலைக்கு வாங்கினால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இனி எழுத்து. அமிலம் அரித்த எழுத்தின் அடித்தளம் லூப்பில் பனி படர்ந்த கண்ணாடிபோல் ஒரே சீராகச் சொரசொரத்திருக்கும், ஓரங்கள் மிக லேசாகக் கலைந்திருக்கும். லேசரில் எழுதியதில் இணையான நுண்கோடுகள் வரிவரியாகத் தெரியும், ஓரத்தில் சூடு பட்ட கருமை இருக்கும். இன்னும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. பழைய அலகில் துரு தின்ற சின்னக் குழிகள் எப்படியும் இருக்கும். ஏதாவது ஒரு குழி எழுத்தைத் தொடும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். குழி எழுத்தின் ஓரத்தைத் தின்றிருந்தால் எழுத்து முன்னது, துரு பின்னது. எழுத்தின் கோடு குழிக்குள்ளேயும் இறங்கி மறுபக்கம் ஏறிப் போனால் துருப்பிடித்த பிறகு எழுதியிருக்கிறார்கள். விற்பவர் எவ்வளவு பேசினாலும் அந்த ஒரு குழியை அவரால் மாற்ற முடியாது.

வில்கின்சன் பெயர் இருப்பதாலேயே போர்க்காலம் ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த நிறுவனம் 2005இல் வாள் தயாரிப்பை நிறுத்தியது, அதற்குமுன் நினைவுப் பதிப்புகளாக வெளியிட்ட கத்திகளும் உண்டு. மறுபக்கம், இரண்டாம் பேட்டர்னில் பெயரே இல்லாத அசல்கள் ஏராளம்.

அமெரிக்க உறவினர்கள் சிலவற்றையும் இதே பெயரில் விற்கிறார்கள். கமிலஸ் நிறுவனம் மரீன் ரெய்டர் படைக்குச் செய்த குத்துவாள் 14,370 மட்டுமே. அதன் துத்தநாகப் பிடி தானாகவே உதிர்வதில் பேர்போனது. கேஸ் நிறுவனத்தின் வி-42 குத்துவாளில் அலகின் அடியில் கட்டைவிரல் வைக்க வரிகள் வெட்டிய தடம் இருக்கும், அதை வேறு எதோடும் குழப்ப முடியாது. லேண்டர்ஸ், ஃப்ரேரி அண்ட் கிளார்க் நிறுவனம் அமெரிக்காவின் போர்க்கால உளவு அமைப்பான ஓஎஸ்எஸ்ஸுக்குச் செய்தது பிரிட்டிஷ் கத்தியைப் பின்பற்றியது. அதன் உறையின் மேல்பாகம் சமையலறைத் தோசைத்திருப்பிபோல் அகன்ற உலோகத் தகடு.

பிரிட்டிஷ் உறை பழுப்புத் தோல். நுனியில் பித்தளைப் பூண், பக்கத்துக்கு இரண்டாக நான்கு தோல் காதுகள், பிடியைப் பிடித்துக்கொள்ள எலாஸ்டிக் வளையம். அந்தக் காதுகள் சீருடையில் வைத்துத் தைப்பதற்கு. இடுப்பு வாரில் மாட்டிக்கொண்ட வீரர்கள் காதுகளை வெட்டி எறிந்தார்கள், அதனால் வெட்டிய தழும்போடு வரும் உறை நல்ல அறிகுறியே. எலாஸ்டிக் மட்டும் எண்பது ஆண்டு தாங்காது. துள்ளும் எலாஸ்டிக்கோடு வந்தால் அது மாற்றியது, அல்லது உறையே புதிது. உறையும் கத்தியும் ஒன்றாக வாழ்ந்தவையா என்று பார்க்க, கத்தியைச் செருகி, குறுக்குத் தகடு தோலில் பதித்த தடத்தைப் பாருங்கள். எஸ் தகட்டின் தடமும் நேர்த்தகட்டின் தடமும் ஒன்றல்ல.

சிங்கப்பூரில் வாங்குபவர் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். இது இருபுறமும் கூர் உள்ள குத்துவாள், அடுப்பங்கரைக் கத்தி அல்ல. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் எண்ணம் இருந்தால் பணம் கட்டுவதற்குமுன் காவல்துறையின் உரிம, ஒழுங்குமுறைப் பிரிவுக்குப் படங்களோடு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூரில் வாங்கும்போதும் விற்பவரின் அனுமதி ஆவணம் என்ன என்று கேளுங்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் மூன்று ஆண்டுவரை சிறையும், குறைந்தது ஆறு பிரம்படியும் கிடைக்கக்கூடிய குற்றம். கோப்பிக்கடை மேசையில் உறையை உருவிப் பார்ப்பது, எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றுவது, இதெல்லாம் அறவே கூடாது. கத்தியைப் பார்ப்பது விற்பவரின் வீட்டிலோ கடையிலோதான் நடக்க வேண்டும். அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை கத்தியையும் உறையையும் பிரித்து வைப்பது. பதனிட்ட தோலில் அமிலம் இருக்கும், நம் ஊர் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்குக் குறையாது. இரண்டும் சேர்ந்தால் அலகில் துரு, பூணில் பச்சைக் களிம்பு, தோலில் பூசணம். கேமராவுக்கு விற்கும் உலர்பெட்டி இதற்குப் போதும், 45 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். அதற்குக் கீழே வெகுவாக இறக்கினால் தோல் வறண்டு வெடிக்கும். அலகுக்கு நுண்படிக மெழுகு மெல்லிய ஒரு பூச்சு. தோலுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம், ஊறிய தோல் தொய்ந்து தையல் விடும்.

மூன்றாம் பேட்டர்ன் வைத்திருப்பவர்கள் பிடியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே வெடிக்கத் தொடங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரட்டும். வளையங்களுக்கு இடையில் மயிரிழை விரிசல், பூச்சுக்கு அடியில் கொப்புளம், வெள்ளைத் தூள், இவைதான் தொடக்கம். எந்தப் பேட்டர்ன் ஆனாலும், வாங்குவதற்கு முன்பே இந்த இடங்களின் படத்தைக் கேளுங்கள்: குறுக்குத் தகட்டின் இரு முகங்கள், அலகின் அடி இரு பக்கமும், பிடியை நான்கு பக்கமும், குமிழ் நேர் மேலிருந்து, உறை முன்னும் பின்னும். எல்லாம் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோலோடு இருக்க வேண்டும். எழுத்தின் படத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்புபவரிடம் வாங்க வேண்டாம்.